வானத்து இரும்பு

இரும்பைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் செங்கல்வராயனுக்குக் கப்பலில் வந்தது. எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அண்ணன்மாரும் ஏரியில் வலை போட்டுப் பிழைத்தவர்கள். இவர் ஒருவர்தான் இருபத்திரண்டு வயதில் மதராஸ் துறைமுகத்துக்குப் போய்ச் சரக்குக் கப்பலில் ஏறிவிட்டார்.

1967 மே மாதக் கடைசியில் கப்பல் சூயஸில் நின்றபோது அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கரையிலிருந்த ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்புவதாக ஏஜெண்டு சொல்லியிருந்தார். ஜூன் ஐந்தாம் தேதி சண்டை மூண்டது. கால்வாய் மூடிக்கொண்டது. அடுத்த கப்பல் வரவே இல்லை. ஏஜெண்டும் ஊரைவிட்டுப் போய்விட்டார். அடிபட்டவர்களைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்த ஆரம்பித்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனாலும் ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு சிப்பாய் தரையில் படுத்திருப்பதைப் பார்த்ததும் செங்கல்வராயன் தானாகவே கட்டிலைவிட்டு எழுந்து வெளியே நடந்தார்.

எங்கே போவதென்று தெரியாது. மொழியும் தெரியாது. காய்ச்சல் விட்டும் விடாத கால்கள். துறைமுகத்துச் சந்தில் எங்கோ சம்மட்டி அடிக்கிற சத்தம் கேட்டது. கேட்டுப் பழகிய சத்தம் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு கொல்லுப்பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்காரர் பெயர் ஹசன். நாற்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருஷமாகக் கப்பல்களுக்குச் சங்கிலியும் கொக்கியும் அடித்துக் கொடுத்ததில் மாலுமிகள் பேசுகிற இந்துஸ்தானி அவருக்கு நன்றாக வரும். யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் ரொட்டியும் அவித்த மொச்சையும் எடுத்துவந்து வைத்தார். தின்று முடித்த பிறகுதான் விசாரித்தார். ஒரு வாரம் கழித்து ஹசன் குடும்பம் சூயஸைக் காலிசெய்து கெய்ரோவிலிருந்த அண்ணன் வீட்டுக்கு லாரியில் கிளம்பியது. மனைவி, ஐந்து பிள்ளைகள், பட்டறைச் சாமான். இடமே இல்லை. ஹசன் உலைக்குக் காற்று ஊதுகிற துருத்தியை இறக்கிச் சந்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் செங்கல்வராயனை ஏற்றிக்கொண்டார்.

பிற்காலத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக இந்தக் கதையைச் சொன்னாலும், அந்தத் துருத்தியைச் சொல்லாமல் அவர் முடித்ததில்லை. கொல்லனுக்குத் துருத்தி என்றால் என்னவென்று இரும்பு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கெய்ரோவில் மூன்றரை மாதம். ஹசனின் அண்ணன் அங்கே பெரிய அருங்காட்சியகத்தில் காவலாளி. ஊர் திரும்புவதற்கான காகிதங்கள் வரும்வரை செங்கல்வராயன் அந்த வீட்டில்தான் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன்காரர் அவரையும் ஹசனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பொன்னும் மணியுமாகக் குவிந்து கிடந்த அறையில் அவர் நேராகக் காட்டியது ஒரு குத்துவாளை. இள வயதில் செத்துப்போன ஒரு ராஜாவோடு சேர்த்துப் புதைத்தது. பொன் பிடி, அலகு இரும்பு. மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அரிக்காமல் பளபளவென்றிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இரும்பை உருக்கவே தெரியாது என்று அண்ணன்காரர் சொல்ல, ஹசன் அதை இந்துஸ்தானியில் சொன்னார். பொன்னைவிட அபூர்வம். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரே வானத்து உலோகம் என்பதுதான். வானம் இரும்பால் ஆனது, அதிலிருந்து துண்டு உடைந்து கீழே விழுகிறது என்று நம்பினார்கள். ராஜா செத்துப்போனால் அவன் எலும்பெல்லாம் இரும்பாகும், அவன் நட்சத்திரமாகி மேலே போய்ச் சேருவான். வானம் அவர்களுக்கு ஒரு பெண். பெயர் நூத். உடம்பெல்லாம் நட்சத்திரம். சாயங்காலம் சூரியனை விழுங்கி, காலையில் மறுபடி பெற்றுப்போடுகிறவள். அவள் படத்தையும் காட்டினார்கள். வில்லாக வளைந்து, கையையும் காலையும் பூமியில் ஊன்றி நின்றிருந்தாள்.

செங்கல்வராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஊரில் கூத்தில் கேட்கிற கதை மாதிரி நன்றாக இருந்தது. அதற்கு மேல் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்கிற ஒரே நினைப்பு.

அக்டோபரில் பம்பாய் வழியாக வந்து சேர்ந்தார். கெய்ரோவிலிருந்து எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. சண்டையில் போய்விட்டான் என்று குப்பத்தில் எல்லாரும் முடிவுகட்டி, தாலியை எடுக்கச் சொல்லி அவர் மனைவி எல்லம்மாவை நச்சரித்திருக்கிறார்கள். அவள் மசியவில்லை. இவர் போய் நின்றபோது இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, இப்பிடி எளைச்சிப் பூட்ட" என்றாள். பிறகுதான் அழுதாள்.

இனிமேல் கப்பல் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவருக்கும் ஆசை விட்டுப்போயிருந்தது. கும்மிடிப்பூண்டி சாலையோரம் புதிதாக ஒரு பவுண்டரி வந்திருந்தது. 1968 தைக்குப் பிறகு அங்கே உலையில் வேலைக்குச் சேர்ந்தார். பொன்னேரியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்துக்கொண்டார்கள். காலை ரயிலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

பவுண்டரிக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வரும். உடைந்த ரயில் சாமான், தேய்ந்த கலப்பைக்கொழு, ஓட்டை வாளி, தண்ணீர்க் குழாய். எல்லாம் உலைக்குள் போகும். போகும் முன் தட்டிப் பார்ப்பது செங்கல்வராயனின் வழக்கம். யாரும் சொல்லித் தந்ததல்ல.

1971 மாசியில் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த லாரிச் சரக்கில் ஒரு கட்டி இருந்தது. பெரிய தேங்காய் அளவு. கறுத்த பழுப்பு நிறம். ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தது மாதிரி உடம்பெல்லாம் குழி. தூக்கினால் அளவுக்கு மீறிய கனம். தட்டினார். வார்ப்பிரும்பின் சத்தமில்லை, எஃகின் சத்தமுமில்லை. கோயில் மணி தூரத்தில் அடித்து ஓய்கிற மாதிரி ஒரு கார்வை. இன்னொரு தரம் தட்டினார். பிறகு அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

மேஸ்திரி சத்தம் போட்டார். ஒரு கட்டியை வைத்துக்கொண்டு உலையைக் காக்கவைப்பதா என்று கேட்டார். செங்கல்வராயன் எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கு மட்டும், இது வேண்டாம், லேபில் காட்டிவிட்டுப் போடலாம் என்று நின்றுவிட்டார்.

லேப் என்பது ஆபீசுக்குப் பின்னால் ஓர் அறை. உருக்கிய இரும்பில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க அங்கே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். குணசுந்தரி. திருநின்றவூர்க்காரி, மதராஸில் ரசாயனம் படித்தவள், பொன்னேரியில் சித்தி வீட்டில் தங்கி வந்துபோவாள். ஐம்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். எல்லாரும் லேப் அம்மா என்று கூப்பிடுவார்கள். வயது என்னவோ இருபத்தைந்துதான்.

அவள் ஓர் ஓரத்தை அறுத்தெடுத்து, கண்ணாடி மாதிரி தேய்த்து, சாராயத்தில் கலந்த அமிலத்தை அதன்மேல் விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பளபளத்த முகத்தில் கோடுகள் எழும்பின. சாய்வாக ஒரு வரிசை, அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு வரிசை, கோரைப்பாய் பின்னல் மாதிரி. ஒரு துணுக்கை அமிலத்தில் கரைத்து வேறொரு மருந்தைச் சொட்டினாள். குழாயில் இருந்தது செக்கச்செவேல் என்று திரண்டது.

"அண்ணே, இதுல நிக்கல் இருக்குது. நல்லாவே இருக்குது. இது மனுசன் உருக்கின இரும்பு இல்லே."

"பின்ன யாரு உருக்குனது?"

அவள் ஜன்னல் வழியாக மேலே கையைக் காட்டினாள்.

செங்கல்வராயன் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சுத்தியல் இன்னும் கையிலேயே இருந்தது.

குணசுந்தரி மதராஸில் தனக்குப் பாடம் சொன்ன பேராசிரியருக்கு எழுதினாள். ஒரு சீவலைக் காகிதத்தில் மடித்து அனுப்பினாள். இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது. விண்கல்தான், சந்தேகமில்லை என்று எழுதியிருந்தார். அந்தப் பாய்ப்பின்னல் விழ வேண்டுமானால் இரும்பு பல லட்சம் வருஷத்துக்கு ஒரு சில டிகிரி என்கிற கணக்கில் ஆற வேண்டும்; பூமியில் எந்த உலையிலும் அதைச் செய்ய முடியாது. பிறகு, இந்த இரும்பு முதலில் எங்கே உண்டானது என்பதையும் எழுதியிருந்தார். சாப்பாட்டு வேளையில் குணசுந்தரி அதைத் தமிழில் சொன்னாள்.

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரங்கள் உண்டு. அவை ஒன்றை எரித்து அதைவிடக் கனமான இன்னொன்றை ஆக்கும். அதையும் எரித்து அதைவிடக் கனமானதை ஆக்கும். அப்படியே போய்க் கடைசியில் நடுவில் இரும்பு சேரும். இரும்பு சேர்ந்ததும் உலை முடிந்தது. அதற்கு மேல் எரித்தால் சூடு வராது, இருக்கிற சூட்டையும் அது தின்றுவிடும். தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் நட்சத்திரம் தன்மேலேயே இடிந்து விழும், விழுந்து வெடிக்கும். அப்படி நட்சத்திரங்கள் ஆக்கி இறைத்த சரக்கு தூசியாக அலைந்து, அதிலிருந்து புது நட்சத்திரங்கள் பிறக்கும். நம் சூரியனும் பூமியும் அப்படி வந்தவைதான். சுரங்கத்து இரும்பும் அதுதான், நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற இரும்பும் அதுதான்.

உலையோடு பழகியவருக்கு இது புரியக் கஷ்டமாக இல்லை. எரிய எரியப் போட்டுக்கொண்டே இருக்கும்வரைதான் உலை நிற்கும் என்பது அவர் தினமும் பார்ப்பது. சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், கெய்ரோவில் பார்த்ததை முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். குத்துவாள், வானத்து உலோகம், ராஜாவின் இரும்பு எலும்பு, விழுங்கிப் பெறுகிற நூத். குணசுந்தரி டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள்.

"அப்ப அவுங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குதா லேப் அம்மா?"

சும்மா ஆமாம் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வானத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார்கள், அதனால் வானத்து உலோகம் என்றது நியாயம், அது அவர்கள் கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம் என்றாள். நட்சத்திரத்துக்குள் என்ன எரிகிறதென்று தெரிந்திருக்க வழியில்லை. நூத் கதைக்கும் இதற்கும் நாம்தான் முடிச்சுப் போடுகிறோம்.

"ஆனா ஒண்ணுண்ணே. முடிச்சு போடறதுக்கு ரெண்டு பக்கமும் நுனி கெடைக்குதே, அதுவே எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்குது."

செங்கல்வராயன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அவுங்க செத்தா நட்சத்திரமாப் போவோம்னாங்க. இவுரு நட்சத்திரம் செத்துதான் நாம வந்தோம்னு எழுதிக்கிறாரு. எதிரும் புதிருமா கீது. எனக்கு இது புடிச்சிக்கீது."

அன்று மாலையே ஹசனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். செங்கல்வராயன் சொல்லச் சொல்லக் குணசுந்தரி இங்கிலீஷில் எழுதினாள். பாய்ப்பின்னலைப் பென்சிலால் வரைந்து உள்ளே வைத்தாள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த நான்கு வரி. அண்ணன் அந்தப் படத்தை அருங்காட்சியகத்தில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார், நாங்கள் நலம், புதுத் துருத்தி வாங்கியாகிவிட்டது என்றிருந்தது. கடைசி வரியைக் குணசுந்தரி படித்துச் சொன்னபோது செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கிடையில் கட்டி எந்த நிலத்தில் கிடைத்தது என்று பேராசிரியர் கேட்டு எழுதியிருந்தார். செங்கல்வராயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூருக்குப் போய் அந்தப் பழைய இரும்பு வியாபாரியைப் பிடித்தார். வியாபாரி தெருத்தெருவாகச் சைக்கிளில் போகிற ஆளைக் கைகாட்டினார். சைக்கிள்காரர் மறந்திருக்கவில்லை. அந்தக் கனத்தில் பின்சக்கரக் கம்பி இரண்டு போய்விட்டதாம். திருப்பாச்சூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் குப்பம்மாள் என்கிற அம்மாவிடம் எடுத்தது என்றார்.

குப்பம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். கட்டியைப் பற்றிக் கேட்டதும் பயந்துபோனாள். திருட்டுச் சாமான் என்று பிடிக்க வந்திருக்கிறார்களோ என்று நினைத்தாள். விஷயத்தைச் சொன்ன பிறகு சிரித்தாள். அவள் மாமனார் காலத்தில் உழும்போது ஏரில் தட்டுப்பட்டதாம். சேற்றைச் சமப்படுத்த மாடு இழுக்கிற பரம்புப் பலகைமேல் பாரமாக இருபது வருஷம் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். போன கார்த்திகையில் மருமகள் பிள்ளை பெற்று வெளுத்துப்போய்க் கிடந்தாள். பேரீச்சம்பழம் கொடு, ரத்தம் ஊறும் என்று மருத்துவச்சி சொன்னாள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் குரல் கேட்டதும் பாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"வானத்துலேர்ந்து வுழுந்துதா? எங்க மாமனாரு ஏர் ஓட்டச்சொல்ல வுழாம முன்னாடியே வுழுந்துச்சே, அது எங்க குடும்பத்துக்கு நல்ல காலம்தான் நைனா" என்றாள். திரும்ப வேண்டுமா என்று கேட்டதற்கு, பரம்புக்கு வேறு கல் வைத்தாகிவிட்டது, படிக்கிற பிள்ளைகள் பார்க்கட்டும் என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினாள். பவுண்டரி முதலாளியும் கட்டியைப் பேராசிரியரின் கல்லூரிக்கே கொடுத்துவிடச் சம்மதித்தார். கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சீட்டில் குப்பம்மாளின் பெயர் இருக்க வேண்டும் என்று குணசுந்தரி கேட்டாள். செங்கல்வராயன் பெயரும் இருக்கட்டும் என்று பேராசிரியர் சேர்த்துக்கொண்டார். அந்தச் சீட்டைப் பார்க்கச் செங்கல்வராயன் போகவில்லை. போக நினைத்திருந்த சமயத்தில் எல்லம்மா உண்டாகியிருந்தாள்.

அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இது மூன்றாவது. உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு என்று டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கறுப்பு மாத்திரை, வயிற்றைப் புரட்டுகிறது என்று எல்லம்மா பாதி நாள் முழுங்கமாட்டாள். 1972 ஆவணியில் ஒரு காலை, நாள் ஆவதற்கு மூன்று வாரம் முன்பே, வலி எடுத்து ரத்தப்போக்கு கண்டது. பொன்னேரியில் பார்த்துவிட்டு உடனே மதராஸுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். செங்கல்வராயன் பவுண்டரிக்கு ஆள் அனுப்பி வேனைக் கேட்டார். வேன் வந்தபோது அதில் குணசுந்தரியும் இருந்தாள். ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் பேச ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று அவளாகவே ஏறிவந்திருந்தாள்.

மதராஸ் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை உயிரோடு பிறந்தது. எல்லம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். செங்கல்வராயன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். அவருடையது சேராத ரகம். வேன் ஓட்டிவந்தவருடையதும் சேரவில்லை. குணசுந்தரியுடையது சேர்ந்தது. அவளே ஒல்லி. சித்தி வீட்டில் கேட்க வேண்டாமா என்று செங்கல்வராயன் தயங்கினார். அவள் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

நடையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு நட்சத்திரமும் தோன்றவில்லை, நூத்தும் தோன்றவில்லை. கண்ணாடிக் கதவு கொஞ்சம் திறந்தபோது, தலைகீழாகத் தொங்கிய புட்டியிலிருந்து சிவப்பு ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் இறங்கட்டும், இன்னும் இறங்கட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லம்மா குணசுந்தரியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பவுண்டரியில் ஆளுக்கொரு நட்சத்திரப் பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் மாமியார் பெயரையே வைத்துவிட்டாள், கங்கம்மாள். பழவேற்காட்டிலிருந்து நண்டு வந்திருந்தது. குணசுந்தரிக்கு நண்டு தின்னத் தெரியவில்லை. எல்லம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து எடுத்து இலையில் வைத்தாள்.

சாப்பிடும்போது செங்கல்வராயன் பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்து மனுசர் இரும்பை வானத்திலிருந்து வந்தது என்றது, பேராசிரியர் ரத்தத்திலும் அதே இரும்பு என்று எழுதியது, அந்த இரும்பு இவளிடமிருந்து அவளுக்குப் போனது என்று கோர்வையாகச் சொல்லிக்கொண்டே போனார். நன்றி சொல்லத் தெரியாமல்தான் அப்படிச் சுற்றி வளைக்கிறார் என்பது இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது.

"அது எங்கேர்ந்து வேணா வரட்டும்யா" என்றாள் எல்லம்மா. "எனக்கு இவகிட்டேர்ந்து வந்துது." குணசுந்தரியின் கையைப் பிடித்து, முந்தானையை ஒதுக்கி, ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றுமில்லை. "வலிச்சுதா கண்ணு?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. எனக்கு வலிச்சுது."

குணசுந்தரி சிரித்துவிட்டாள். எல்லம்மா இன்னொரு கரண்டிச் சோறு போட்டாள். வேண்டாம் என்று அவள் கையால் மறைத்ததைத் தள்ளிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. செங்கல்வராயன் கையைக் கழுவிக்கொண்டு தூளியை ஆட்டப் போனார்.